ஒரே சபை, இரண்டு மன்னிப்புகள்: கோல்டன்பிரிட்ஜ் விவகாரம்

கம்பியில் கோத்த பழைய வகைச் செபமாலை ஒன்று வீட்டில் இருந்தால் எடுத்து உற்றுப் பாருங்கள். மணிக்கும் மணிக்கும் நடுவே பொடி வளையம் ஒன்று தெரியும். கம்பியை மணிக்குள் விட்டு, முனையைக் குறடால் வளைத்து, அடுத்த மணியின் வளையத்தில் மாட்டி, மிச்சத்தை வெட்ட வேண்டும். ஒரு மணிக்கே இவ்வளவு வேலை. பத்து மணி சேர்ந்தால் ஒரு பத்து.

அயர்லாந்தின் தலைநகர் டப்ளினில் இன்சிகோர் என்று ஒரு பகுதி. அங்கே கோல்டன்பிரிட்ஜ் என்ற இடத்தில் இருந்த பிள்ளைகள் விடுதியில், 1950களில், ஒரு சிறுமி ஒரு நாளில் முடித்துக் கொடுக்க வேண்டிய கணக்கு 60 பத்து. அதாவது 600 மணி. நாம் 53 மணிச் செபமாலை என்று சொல்வதில் ஐந்து பத்துகள் உண்டு. அந்தக் கணக்கில் தினமும் 12 செபமாலைக்கான வேலை. அதுவும் பள்ளிக்கூடம் விட்ட பிறகு. கம்பி விரலைக் கிழிக்கும், குறடு உள்ளங்கையைக் காய்ப்பாக்கும். கணக்கு குறைந்தால் அடி. செய்து முடித்தவை வெளியே விற்பனைக்குப் போயின. யாரோ ஒரு பாட்டி அவற்றை உருட்டி, ஏழைப் பிள்ளைகளுக்காகவும் ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லியிருப்பார்.

விடுதியை நடத்தியவர்கள் மெர்சி சகோதரிகள். மெர்சி என்றால் இரக்கம். கேத்தரின் மெக்காலி என்ற டப்ளின் பெண்மணி தனக்கு வந்த சொத்தைப் போட்டு, 1827-இல் பேகட் தெருவில் ஏழைப் பெண்களுக்காக ஒரு வீட்டைத் திறந்தார். 1831-இல் அது துறவற சபையாக மாறியது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, அனாதை விடுதி என்று அயர்லாந்து முழுக்கப் பரவியது. இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் விடுதிகளை இந்தச் சபை நடத்தியது. கோல்டன்பிரிட்ஜ் அவற்றில் ஒன்று. 1880 முதல் 1983 வரை இயங்கியது.

இந்தச் சபை அந்தப் பிள்ளைகளிடம் இரண்டு முறை மன்னிப்புக் கேட்டது. 1996-இல் ஒன்று, 2004-இல் ஒன்று. ஒரே குற்றத்துக்கு எதற்கு இரண்டு மன்னிப்பு? முதலாவது செல்லாத காசாகப் போனது என்று சபையே பிறகு ஒப்புக்கொண்டது. இப்படி ஒப்புக்கொள்வது அபூர்வம். அதனால்தான் கத்தோலிக்கத் துறவற சபைகள் கேட்ட எத்தனையோ மன்னிப்புகளில் இதை எடுத்துக்கொண்டேன்.

பிள்ளைகள் உள்ளே வந்த வழி

இவற்றின் அரசாங்கப் பெயர் இண்டஸ்ட்ரியல் ஸ்கூல். நம்முடைய ஐடிஐ மாதிரி நினைத்துவிடக் கூடாது. அயர்லாந்து பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தபோது, 1868-இல் வந்த ஒரு சட்டத்தில் பிறந்தவை இவை. ஆதரவில்லாத பிள்ளைகளைத் தெருவிலிருந்து எடுத்து, ஒரு தொழில் கற்றுக்கொடுத்து அனுப்புவது நோக்கம். 1908-இன் சிறார் சட்டம் இந்த ஏற்பாட்டை உறுதிப்படுத்தியது. நாடு விடுதலை அடைந்த பிறகும் அதே சட்டம், அதே விடுதிகள். சொந்த ஆட்சி வந்தும் இதில் மட்டும் யாரும் கை வைக்கவில்லை.

பிள்ளையை உள்ளே அனுப்பியது நீதிமன்றம். குற்றம் செய்த பிள்ளைகள் கொஞ்சம்தான். பெரும்பாலோர் செய்த குற்றம் ஏழையாகப் பிறந்தது. அம்மா இறந்திருப்பாள். அப்பா வேலை தேடி இங்கிலாந்து போயிருப்பார். அல்லது அம்மாவுக்குக் கல்யாணம் ஆகியிருக்காது. குழந்தைகள் பாதுகாப்புச் சங்கத்தின் ஆய்வாளர் ஒருவர் வீடு வீடாக வருவார். கொடுமையைக் கண்டுபிடிக்க வந்தவர் என்பதால் ஊரில் அவருக்கு ‘குரூயல்டி மேன்’ என்று பெயர். அவர் மனுப் போடுவார், நீதிபதி கையெழுத்துப் போடுவார். 16 வயது வரை உள்ளே இருக்கலாம் என்று ஒரே உத்தரவு. ஒரு குடும்பத்தின் அண்ணன் ஒரு விடுதிக்கும் தங்கை வேறொரு மூலையில் உள்ள விடுதிக்கும் போய்விடுவார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்ப்பது எப்போதோ.

பணம் வந்த விதத்தையும் சொல்ல வேண்டும். தலைக்கு இவ்வளவு என்று வாரந்தோறும் அரசும் உள்ளாட்சியும் விடுதிக்குக் கொடுத்தன. தலை குறைந்தால் வரவு குறையும். ஏழைத் தாய்க்கு அந்தப் பணத்தில் பாதியைக் கொடுத்திருந்தால் பிள்ளை வீட்டிலேயே வளர்ந்திருக்குமே என்று இன்று நமக்குத் தோன்றுகிறது. அன்று யாருக்கும் தோன்றாமல் இருந்திருக்காது. தோன்றியவர்கள் கையில் பேனா இல்லை. கண்காணிக்க வேண்டியது கல்வித் துறை. அந்தத் துறை சபைகளின் முன் அடங்கி ஒடுங்கி நின்றது என்று பின்னாளில் இவற்றை விசாரிக்க அரசு அமைத்த ஆணையமே எழுதியது. 1970-இல் நீதிபதி ஐலீன் கென்னடி தலைமையிலான குழு, இந்த விடுதி முறையே வேண்டாம் என்று அறிக்கை கொடுத்த பிறகுதான் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன.

கோல்டன்பிரிட்ஜில் சுமார் 150 பிள்ளைகள். பொறுப்பில் இருந்த கன்னியர்களோ விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். மிச்ச வேலையைச் சம்பள ஆட்கள் பார்த்தார்கள். அதே விடுதியில் வளர்ந்து போக்கிடம் இல்லாமல் அங்கேயே தங்கிவிட்ட பெண்களும் அவர்களில் இருந்தார்கள். அடி வாங்கி வளர்ந்தவள் அடுத்த தலைமுறையை அடிக்கும் இடத்துக்கு வருவாள்.

மாடிப்படி ஏறியதும் ஒரு நடை இருந்தது. பகலில் ஏதாவது தப்புச் செய்த பிள்ளைகள், இரவில் மற்றவர்கள் படுத்த பிறகு அங்கே போய் நிற்க வேண்டும். பொறுப்பாளர் கன்னியர் தன் வேலைகளை முடித்துக்கொண்டு மேலே வந்து அடிப்பார். எப்போது வருவார் என்று தெரியாது. சில நாள் மணிக்கணக்காகும். குளிரில், இரவு உடையில், படியில் காலடிச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பது. அங்கே வளர்ந்த பெண்கள் அறுபது வயதிலும் மறக்காமல் சொன்னது அந்தக் காத்திருப்பைத்தான். அடிப்பது ஒரு நொடிக் கோபமாக இருக்கலாம் என்று யாராவது சமாதானம் சொல்லலாம். ஒரு குழந்தையை மூன்று மணி நேரம் காக்க வைப்பதைக் கோபத்தின் கணக்கில் எழுத முடியாது.

1996: வானொலியிலிருந்து தொலைக்காட்சிக்கு

கிறிஸ்டின் பக்லி 1946-இல் பிறந்தவர். அப்பா நைஜீரியாவிலிருந்து டப்ளினுக்கு மருத்துவம் படிக்க வந்தவர், அம்மா ஐரிஷ்காரர். பிறந்த மூன்றாம் வாரமே கைவிடப்பட்ட குழந்தை, சிறு வயதிலேயே கோல்டன்பிரிட்ஜ் வந்து சேர்ந்தது. பின்னாளில் நர்ஸ் ஆனார். பெற்றோரைத் தேடிக் கண்டுபிடித்தார். 1992-இல் கே பர்ன் நடத்திய வானொலி நிகழ்ச்சியில் தன் கதையைச் சொன்னார். அந்த நிகழ்ச்சியை அயர்லாந்தில் கேட்காத வீடு குறைவு. அதன் பிறகு அதே விடுதியில் வளர்ந்த பலர் அவரைத் தேடி வந்தார்கள். தனக்கு மட்டும்தான் இப்படி நடந்தது, தான் கெட்ட பிள்ளை, அதனால்தான் அடித்தார்கள் என்று நினைத்து வாழ்ந்த பெண்கள், ஐம்பது வயதுக்கு மேல் முதன்முறையாகப் பக்கத்தில் இன்னொருத்தி இருப்பதைக் கண்டார்கள்.

1996 பிப்ரவரியில் அவர் கதையை வைத்து அயர்லாந்தின் பொது ஒளிபரப்பு நிறுவனமான ஆர்டிஇ தொலைக்காட்சியில் ஆவணப்படம் ஒன்றை ஒளிபரப்பியது. நாடு ஆடிப்போனது. அதே மாதம் மெர்சி சகோதரிகள் ஒரு அறிக்கை விட்டார்கள். அதுதான் முதல் மன்னிப்பு.

அறிக்கையில் வருத்தம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வருத்தத்தைச் சுற்றி வேறு சிலவும் இருந்தன. நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் அயர்லாந்தில் எல்லோருடைய வாழ்க்கையுமே கடினமாகத்தான் இருந்தது என்றது. விடுதிகளில் பணம் இல்லை, ஆள் இல்லை, வசதி இல்லை என்றது. அந்த நிலையிலும் பல சகோதரிகள் மனமுவந்து ஆண்டுக்கணக்கில் உழைத்தார்கள் என்றது. ‘இருந்தாலும்’ என்ற சொல்லைக் கடந்த பிறகுதான் தவறு வந்தது.

தூர்தர்ஷன் காலத்து ஆட்களுக்கு ஒரு அட்டை ஞாபகம் இருக்கும்: ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்.’ தடங்கல் எங்கிருந்து வந்தது, யாரால் வந்தது, ஒன்றும் இருக்காது. மழை பெய்தது மாதிரி தடங்கல் பெய்தது. அதற்கு நாங்களும் உங்களோடு சேர்ந்து வருந்துகிறோம். 1996 அறிக்கை அந்த ஜாதி. தமிழில் ‘தவறு நடந்துவிட்டது’ என்றும் சொல்லலாம், ‘தவறு செய்துவிட்டோம்’ என்றும் சொல்லலாம். முதல் வாக்கியத்தில் தவறு தானாகவே காலை எடுத்து வைத்து நடந்து போகிறது, செய்தவர் பக்கத்தில் நின்று பார்க்கிறார். எந்த மொழியில் எழுதினாலும் நிறுவனங்கள் முதல் வாக்கியத்தைத் தேடித்தான் போகும்.

பணமில்லை, ஆளில்லை என்பது பொய்யா? முழுப் பொய் அல்ல. சுமார் 150 பிள்ளைகளுக்கு விரல்விட்டு எண்ணும் கன்னியர்கள் என்று நானே மேலே எழுதினேன். ஆனால் ஏழ்மை எதை விளக்கும் என்பதற்கு ஒரு எல்லை உண்டு. கஞ்சி ஏன் தண்ணீராக இருந்தது என்பதை விளக்கும். கிழிந்த உடுப்பை விளக்கும். மாடி நடையில் காக்க வைத்ததை எந்த மானியக் குறைவும் விளக்காது. படுக்கையை நனைத்த குழந்தையை மற்றவர்கள் முன் அவமானப்படுத்துவதற்குச் செலவு மிச்சமும் இல்லை, லாபமும் இல்லை. செபமாலை வேலையில் வரும்படி இருந்தது, சரி. ஆனால் 60 என்ற எண்ணைப் பஞ்சம் வந்து எழுதி வைக்கவில்லை. ஒரு ஆள் எழுதினார்.

கத்தோலிக்கர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. ஞானோபதேசம் என்கிற மறைக்கல்வி வகுப்பில் உட்கார்ந்தவர்கள், குருவிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனம் நல்லபடி நடக்க என்னென்ன வேண்டும் என்று மனப்பாடம் செய்திருப்பார்கள்: செய்ததை நினைத்துப் பார்க்க வேண்டும், மனஸ்தாபப்பட வேண்டும், இனிச் செய்வதில்லை என்று தீர்மானிக்க வேண்டும், வாய்விட்டுச் சொல்ல வேண்டும், பரிகாரம் செய்ய வேண்டும். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் மண்டியிட்டு, ‘சாமி, அந்தக் காலத்தில் எல்லோருக்குமே கஷ்டம்’ என்று ஆரம்பித்தால் குருவானவர் என்ன சொல்வார்? உன் பாவத்தைச் சொல் என்பார். கோல்டன்பிரிட்ஜ் பிள்ளைகளை முதல் நன்மைக்கு, அதாவது முதன்முறை நற்கருணை வாங்குவதற்கு, தயார் செய்தபோது இதே பாடத்தை நடத்தியவர்கள் இதே சகோதரிகள்தான்.

அறிக்கையைப் பெற்றவர்கள் எளிதில் ஏமாறவில்லை. ‘ஆனால்’ போட்ட மன்னிப்பு என்றார்கள். வெளியே ஒரு கூட்டம் வேறு விதமாகப் பேசியது: வயதான கன்னியர்களைப் போட்டு வதைக்கிறார்கள், அந்தக் காலத்தில் எந்த வீட்டில்தான் பிள்ளையை அடிக்கவில்லை, இதெல்லாம் பணத்துக்காக. இந்த மூன்றாவது வரி எந்த ஊரிலும் தவறாமல் வந்துவிடும்.

நடுவே எட்டு ஆண்டுகள்

1998 மார்ச்சில் கிறிஸ்தவ சகோதரர்கள் சபை பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்து மன்னிப்புக் கேட்டது. ஆர்டேன், லெட்டர்ஃப்ராக் போன்ற ஆண் பிள்ளைகள் விடுதிகளை நடத்திய சபை அது. 1999-இல் பத்திரிகையாளர் மேரி ராஃப்டரியின் மூன்று பாகத் தொலைக்காட்சித் தொடர் வந்தது. கோல்டன்பிரிட்ஜ் தனிக்கதை இல்லை, நாடு முழுக்க இதே ஏற்பாடுதான் என்று அரசு ஆவணங்களைக் கொண்டே அது காட்டியது. கடைசிப் பாகம் வந்த அன்றே, மே 11 அன்று, பிரதமர் பெர்ட்டி அஹெர்ன் அரசின் சார்பிலும் குடிமக்கள் அனைவரின் சார்பிலும் மன்னிப்புக் கேட்டார். தலையிடத் தவறினோம், உங்கள் வலியைக் கண்டுகொள்ளத் தவறினோம், காப்பாற்ற வரத் தவறினோம் என்றார். வாக்கியங்களில் ஆள் இருந்தது. விசாரணை ஆணையமும் அறிவிக்கப்பட்டது.

அப்புறம்தான் முக்கியமான திருப்பம். 2002-இல் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுக்க ஒரு சட்டம் வந்தது. அதே ஆண்டு ஜூனில், அமைச்சரவை மாறப்போகிற கடைசி நாட்களில், கல்வி அமைச்சர் மைக்கேல் வுட்ஸ் 18 துறவற சபைகளோடு ஒப்பந்தம் ஒன்றைப் போட்டார். சபைகள் எல்லாம் சேர்ந்து ரொக்கமாகவும் நிலம், கட்டடமாகவும் 12.8 கோடி யூரோ தர வேண்டும். பதிலுக்கு, இழப்பீட்டுத் திட்டத்தில் வரக்கூடிய யார் சபைகள் மேல் வழக்குப் போட்டாலும் அந்தச் செலவை அரசு ஏற்கும். மொத்தச் செலவு எவ்வளவு ஆகும் என்ற கணக்கு தெரியாமலே போட்ட கையெழுத்து. மெர்சி சகோதரிகள் அந்த 18-இல் ஒருவர்.

ஒரு கொசுறு: சென்னையில் சர்ச் பார்க் பள்ளியை நடத்தும் பிரசன்டேஷன் சகோதரிகள் 1842-இல் அயர்லாந்திலிருந்து மதராஸுக்கு வந்தவர்கள். அந்தச் சபையின் அயர்லாந்துக் கிளையும் 18-இல் உண்டு. இங்குள்ள பள்ளிக்கும் அந்த விடுதிகளுக்கும் தொடர்பு இல்லை. ஆனால் அயர்லாந்து ஏதோ தொலைதூரக் கதை என்று நினைப்பவர்களுக்கு, தூரம் அவ்வளவு இல்லை என்பதற்காகச் சொன்னேன்.

இழப்பீட்டுச் சட்டத்தில் ஒரு விதி இருந்தது. பணம் வாங்கியவர், இழப்பீட்டை முடிவு செய்த வாரியத்தில் நடந்ததையோ கிடைத்த தொகையையோ பகிரங்கப்படுத்தினால் குற்றம். அபராதம் 25,000 யூரோ வரை, சிறை இரண்டு ஆண்டு வரை போகலாம். ‘வெளியே சொல்லாதே’ என்று சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளைகளுக்கு, அறுபது வயதில் அரசாங்கம் காசோலையோடு சேர்த்து அதையே சொன்னது. இதை எழுதிய அதிகாரிக்கு அது உறைக்கவே இல்லையா என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

விசாரணை ஆணையமும் நொண்டியது. தலைவர் நீதிபதி மேரி லாஃபாய், அரசு சரியாக ஒத்துழைக்கவில்லை என்று 2003-இல் விலகப்போவதாக அறிவித்தார். கிறிஸ்தவ சகோதரர்கள், குற்றம் சாட்டப்பட்ட தங்கள் உறுப்பினர்களின் பெயரை வெளியிடக் கூடாது என்று நீதிமன்றம் போனார்கள். முடிவில், யார் பெயரும் வராது என்று ஆணையம் இறங்கி வந்தது. பத்திரிகையில் மன்னிப்பு விளம்பரம் கொடுத்த அதே சபைதான் இது. ஒரு கையில் மன்னிப்பு, ஒரு கையில் வக்காலத்து.

2004: ‘ஆனால்’ இல்லாத அறிக்கை

2004 மே மாதம் மெர்சி சகோதரிகள் மீண்டும் வாயைத் திறந்தார்கள். இந்த முறை அறிக்கை யாரைப் பார்த்துப் பேசுகிறது என்பதிலேயே வித்தியாசம். நாட்டைப் பார்த்து அல்ல, ஊடகங்களைப் பார்த்து அல்ல. ‘உங்களை’ என்று விடுதியில் வளர்ந்தவர்களை நேருக்கு நேர் பார்த்து. எங்கள் பொறுப்பில் இருந்தபோது உங்களில் பலர் காயப்பட்டீர்கள், உடலிலும் மனதிலும் துன்பப்பட்டீர்கள் என்று நம்புகிறோம் என்றது. முன்பு நாங்கள் கேட்ட மன்னிப்பு நிபந்தனை போட்டதாகவும் அரைகுறையாகவும் உங்கள் காதில் விழுந்தது என்று அறிவோம் என்றது. இப்போது, நாங்கள் உண்டாக்கிய துன்பத்துக்காக உங்கள் ஒவ்வொருவரிடமும் நிபந்தனையின்றி மன்னிப்புக் கேட்கிறோம் என்றது.

‘நாங்கள் உண்டாக்கிய’ என்ற இரண்டு சொல்லுக்கு எட்டு வருடம் ஆகியிருக்கிறது. பஞ்ச காலம் இல்லை, ஆள் பற்றாக்குறை இல்லை, மனமுவந்து உழைத்த சகோதரிகள் இல்லை. உழைத்தவர்கள் இருக்கத்தான் செய்தார்கள். ஆனால் மன்னிப்புக் கேட்கிற இடத்தில் அவர்களுக்கு வேலை இல்லை என்று யாருக்கோ புரிந்திருக்கிறது.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது இன்னொரு வரி. அன்று உங்களைப் பேணிக் காக்கத் தவறியதற்காக மட்டும் அல்ல, இன்று நீங்கள் பேசியபோது கேட்கத் தவறியதற்காகவும் மன்னிப்புக் கேட்கிறோம் என்றார்கள். பழைய பாவத்தை ஒப்புக்கொள்வது ஒரு விதத்தில் சுலபம். செய்தவர்கள் பலர் செத்துப் போயிருப்பார்கள். ‘இன்று’ என்று சொன்னால் அறிக்கையைப் படிப்பவரே மாட்டிக்கொள்கிறார். 1996-இல் சமாதானம் சொன்னவர்கள், வக்கீல் வைத்தவர்கள், வயதான பெண்களின் பேச்சைச் சந்தேகித்தவர்கள், எல்லோரும் அந்த ஒரு வரிக்குள் வந்துவிடுகிறார்கள். இந்த மாதிரி மன்னிப்புகளில் நிகழ்காலம் அநேகமாக வராது.

குறையும் உண்டு. ‘உங்கள் காதில் அப்படி விழுந்தது’ என்கிறார்களே, உண்மையில் அது நிபந்தனை போட்ட மன்னிப்பாகத்தான் இருந்தது என்று சொல்லவில்லை. பேசியவர் வாயில் இருந்த குறையைக் கேட்டவர் காதுக்குத் தள்ளும் பழைய பழக்கம் ஒரு முனையில் ஒட்டிக்கொண்டே இருக்கிறது.

கிறிஸ்டின் பக்லி இந்த மன்னிப்பை வரவேற்றார். மற்றவர்களில் சிலர் ஏற்றுக்கொண்டார்கள், சிலர் இவ்வளவு காலம் கழித்து எதற்கு என்று கேட்டார்கள்.

காலம் கழித்து என்பதில் ஒரு விஷயம் இருக்கிறது. 2002 ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு ஆண்டு கழித்து வந்த மன்னிப்பு இது. 1996-இல் ‘நாங்கள் உண்டாக்கிய துன்பம்’ என்று எழுதிக் கொடுத்திருந்தால், அது ஒவ்வொரு வழக்கிலும் சபைக்கு எதிரான சாட்சியாகியிருக்கும். 2004-இல் எழுதினால் சபைக்கு அந்தப் பயம் அவ்வளவு இல்லை; வழக்கின் செலவு அரசுடையது. சகோதரிகள் கணக்குப் போட்டுத்தான் மனம் திருந்தினார்கள் என்று நான் சொல்லவில்லை. மனதுக்குள் நடந்தது யாருக்குத் தெரியும்? சபைக்குள்ளும் மாற்றம் நடந்திருந்தது: ஊருக்கு ஊர் தனித்தனியாக இருந்த மெர்சி மடங்கள் 1994-இல்தான் ஒரே சபையாகச் சேர்ந்தன. முதல் மன்னிப்பு, சேர்ந்து இரண்டு வயதான நிறுவனம் தடுமாறிக்கொண்டு எழுதியது. ஆனாலும் வரிசை வரிசைதான். முதலில் காப்பு, பிறகு கண்ணீர்.

2009: கணக்கு வந்த நாள்

லாஃபாய்க்குப் பிறகு நீதிபதி ஷான் ரையன் ஆணையத்தை முடித்து வைத்தார். 2009 மே 20 அன்று ஐந்து தொகுதிகளில் அறிக்கை வந்தது. ஆணையத்தின் ஒரு குழுவிடம் மட்டும் 1,090 பேர் சாட்சி சொல்லியிருந்தார்கள். அவர்கள் பேசியது 216 பள்ளிகள், விடுதிகள், மருத்துவமனைகள் பற்றி. ஆண் பிள்ளைகள் விடுதிகளில் பாலியல் கொடுமை ஊறிப்போய் இருந்தது என்று அறிக்கை சொன்னது. பெண் பிள்ளைகள் விடுதிகளில் அடியும் அவமானமும் பயமும் அன்றாடம். கோல்டன்பிரிட்ஜுக்குத் தனி அத்தியாயம் உண்டு. செபமாலைக் கணக்கும் மாடி நடையும் அதில் இருக்கின்றன. 1996-இல் ‘மிகைப்படுத்துகிறார்கள்’ என்று சொல்லப்பட்டவை.

சபைகள் மன்னிப்புக் கேட்ட விதத்தையும் ஆணையம் எடைபோட்டது. கிறிஸ்தவ சகோதரர்களின் மன்னிப்பு ஜாக்கிரதையாகவும் நிபந்தனையோடும் தெளிவில்லாமலும் இருந்தது என்றது. ரோஸ்மினியர்கள் என்ற சிறிய சபையைப் பற்றி மட்டும் வேறு விதமாக எழுதியது. அப்டன், ஃபெரிஹவுஸ் என்ற இரண்டு விடுதிகளில் நடந்ததை மறுக்கப் பார்க்காமல், எப்படி இது நம்மிடம் நடந்தது என்று புரிந்துகொள்ள முயன்ற சபை அது. ஞானோபதேசத்தில் சொல்கிற ‘நினைத்துப் பார்ப்பது’ இதுதான். மன்னிப்பு வாசகத்தைவிட இதற்கு அதிக முதுகெலும்பு வேண்டும்.

பிறகு பரிகாரம். இழப்பீட்டு வாரியம் 15,000-க்கும் மேற்பட்டவர்களுக்குச் சராசரியாகச் சுமார் 62,000 யூரோ கொடுத்தது. அறிக்கை வந்த சூட்டில் சபைகள் மேலும் 35.3 கோடி யூரோ தருவதாகச் சொன்னார்கள். ரொக்கம் ஒரு பங்கு, கட்டடம், விளையாட்டுத் திடல் என்று மீதி. மொத்தச் செலவில் பாதியை நீங்கள் ஏற்க வேண்டும் என்று அரசு கேட்டது. 2017-இல் தணிக்கைத் துறை கணக்குப் பார்த்தபோது மொத்தம் சுமார் 150 கோடி யூரோ ஆகியிருந்தது. சபைகளிடமிருந்து அதுவரை வந்து சேர்ந்தது அதில் ஆறில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. மிச்சத்தை அயர்லாந்தின் வரி கட்டுபவர்கள் கொடுத்தார்கள். அவர்களில் அந்த விடுதிகளில் வளர்ந்தவர்களும் உண்டு என்பதை நினைத்தால், தன் இழப்பீட்டுக்குத் தானே சந்தா கட்டியது மாதிரி ஆகிறது.

கிறிஸ்டின் பக்லி 2014 மார்ச்சில் இறந்தார். அதற்கு முன் டப்ளினில் ஆஷ்லிங் என்ற பெயரில், விடுதிகளில் வளர்ந்தவர்களுக்காக ஒரு மையத்தை நடத்தி வந்தார். எழுதப் படிக்கத் தெரியாமல் வெளியே வந்தவர்கள் அங்கே வந்து படித்தார்கள்.

ரையன் அறிக்கையின் பரிந்துரைகளில் முதலாவது ஒரு நினைவுச் சின்னம். அதில் என்ன எழுத வேண்டும் என்றும் அறிக்கையே சொன்னது: 1999-இல் பிரதமர் சொன்ன மன்னிப்பு வாசகம். சபைகள் அதுவரை எத்தனையோ மன்னிப்புக் கேட்டிருந்தன. கல்லில் வெட்ட அவற்றில் ஒரு வரியையும் ஆணையம் எடுக்கவில்லை. டப்ளினில், நாட்டுக்காக உயிர்விட்டவர்களின் நினைவுத் தோட்டத்தை ஒட்டி இடம் பார்த்து வடிவமும் தேர்ந்தெடுத்தார்கள். 2013-இல் திட்டமிடல் மேல்முறையீட்டு வாரியம் அனுமதி மறுத்துவிட்டது.